மறு ஏலத்துக்கு வந்த கிட்டார்

பீரோவுக்கு மேலே பெட்டி இல்லை.

ரெனிதாவால் முதலில் நம்ப முடியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிக் கையை விட்டுத் துழாவினாள். பழைய போர்வை மூட்டையும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் காகிதமும்தான் கையில் பட்டன. நீளமான கறுப்புப் பெட்டி கிடந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

கீழே அப்பா ஞானசேகரன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஆவடி பாக்டரியில் இரும்பைத் தூக்கி வளர்ந்த உடம்பு. கோடையில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததிலிருந்து பொத்தான் போடுவதைக்கூட ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்.

"அப்பா, என் கிட்டார் எங்க?"

"அம்மா வந்து சொல்லுவா."

"அம்மா எங்க?"

"சர்ச்சுக்குப் போயிட்டா. ஆட்டோ வெச்சுகினு."

பட்டாபிராமில் அவர்கள் வீட்டிலிருந்து சர்ச்சுக்கு நடந்தே போய்விடலாம். அம்மா மழையில்கூட ஆட்டோ பிடிக்க மாட்டாள். அந்த ஆட்டோவில் அம்மாவோடு வேறு என்ன போயிருக்கும் என்று ரெனிதாவுக்கு விளங்கியபோது அவள் இன்னும் ஸ்டூலின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று அறுப்பின் பண்டிகை. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன்னால் வைக்கும். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், வீட்டில் சுட்ட கேக். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே ஷாமியானாவுக்குக் கீழே ஏலம் விடுவார்கள். பணம் சர்ச்சுக்கு.

கோடையில் ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மா அருள்செல்வி முழங்கால் போட்டு, நர்சுகள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகப் பொருத்தனை பண்ணியிருந்தாள். "ஆண்டவரே, இவரு எழுந்து நடந்தா எங்க வூட்லயே ரொம்ப ஆசையான பொருளக் கொண்டாந்து உம்ம பாதத்துல வைக்கிறேன்." பக்கத்தில் நின்ற ரெனிதாவும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாள். அம்மா தையல் மிஷினைச் சொல்கிறாள் என்று அவள் நினைத்திருந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அந்தக் கிட்டார் எல்லாக் கிட்டாரையும் போல அல்ல. ஆர்ச்டாப் என்பார்கள். ஜாஸ் வாசிக்கிறவர்கள் வைத்திருப்பது. நடுவில் வட்ட ஓட்டை இருக்காது. வயலினுக்கு இருப்பதுபோல் இரண்டு பக்கமும் வளைந்த கீறலாக இரண்டு துளைகள். மேல் பலகை தட்டையாக இல்லாமல் மூச்சை இழுத்த நெஞ்சைப்போல் மேடாக நிற்கும். மலிவான கிட்டார்களில் ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்திருப்பார்கள். இதில் கனமான மரத்தையே செதுக்கிச் செதுக்கி அந்த மேட்டைக் கொண்டுவந்திருந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை அவள் அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த ஒரு பிளாட்டில் வாங்கினாள். ஷர்மிளா என்ற பெண்மணி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். மாமனார் ஹோட்டல் பேண்டில் வாசித்தவராம், இறந்துவிட்டார். ரெனிதா பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு அத்தனையும் அன்று அவள் பையில் இருந்தது. துணைக்கு வந்த தோழி பெனிஷா படியேறும்போதே சொல்லிக் கொடுத்திருந்தாள், "அவங்க எவ்ளோ சொன்னாலும் பாதியில ஆரம்பி. மூஞ்சிய மட்டும் காட்டிக்காத." ஷர்மிளா பெட்டியைத் திறந்தார். ரெனிதா அதைப் பார்த்தாள். ஷர்மிளா இன்னும் விலையே சொல்லவில்லை. அதற்குள் ரெனிதா பையிலிருந்த மொத்தத் தொகையையும் வாயால் சொல்லிவிட்டாள். பெனிஷா தலையில் அடித்துக்கொண்டாள். ஷர்மிளாவே பாவப்பட்டு, "ஆட்டோவுக்காவது வெச்சுக்கோம்மா" என்று கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்.

சர்ச் வாசலில் மாவிலைத் தோரணமும் வாழைமரமும் கட்டியிருந்தார்கள். உள்ளே பலிபீடத்தின் முன்னால் காய்கறிக் குவியல். நடுவில், பூசணிக்காய் மேல் சாய்த்து, கழுத்தில் செவ்வந்தி மாலையோடு கிட்டார் நின்றது. கல்யாணப் பெண்போல் மினுமினுப்பு. அம்மா தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறாள்!

அருள்செல்வி, அல்லேலூயா என்று எழுதிய கோலத்துக்கு வண்ணப்பொடி தூவிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்து தூணின் பக்கம் வந்தாள். இருவரும் அடிக்குரலில் சண்டை போட்டார்கள். சுற்றி இருந்தவர்களுக்கு ஏதோ ஜெபக்குறிப்பு பேசுவதுபோல் தெரிந்திருக்கும்.

"பொருத்தனை பண்ணது நீ. பொருள் மட்டும் என்னுதா?"

"நீயும்தான ஆமென் சொன்ன."

"நான் தையல் மிஷின்னு நெனச்சேன்மா."

"தையல் மிஷின் மேல எனக்கு ஆசையாடி? அது வேலை. நம்ம வூட்ல ஆசை ஆசையா யாராச்சும் ஒண்ண வெச்சுகினு இருந்தாங்கன்னா அது இது ஒண்ணுதான். நானும் நல்லா யோசிச்சிதான் எடுத்தேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பியா?" அம்மாவின் கண் கலங்கியது. "ஒங்கப்பா அங்க நடந்து வராரு பாரு. சொல்லு. அவரு பெருசா, கட்டை பெருசா?"

ஞானசேகரன் வாசலில் செருப்பைக் கழற்ற ஒரு கையால் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல விலைக்குப் போவும், கவலப்படாத" என்றாள் அம்மா, சமாதானமாக. "பூந்தமல்லி தம்பிக்கும் போன் பண்ணிட்டேன்."

"எந்தத் தம்பி?"

"அதான், பழைய கிட்டாரெல்லாம் வாங்கி விக்குமே, ரோஹித்து. நம்ம வூட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டு, இத குடுங்க குடுங்கன்னு கேட்டுச்சே. ஆண்டவருக்குப் போற பொருளு, வெண்டக்கா விலைக்கா போறது?"

ஆராதனை முழுவதும் ரெனிதா எழ வேண்டிய இடத்தில் எழவில்லை, உட்கார வேண்டிய இடத்தில் எழுந்து நின்றாள். போதகர் பிரசங்கம் பண்ணியது ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ஏலத்தில் திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் கொடுத்த வீட்டார் கேட்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை; ஆனால் இடக்கையால் கொடுத்து வலக்கையால் வாங்கினான் என்று பேச்சு வந்துவிடும், அந்தப் பேச்சு அடுத்த பண்டிகை வரை ஓடும். வேறு யாராவது அவளுக்காகக் கேட்க வேண்டும். சத்தம் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வெளியே போய் மேக்ஸ்வெல் மாமாவைப் பிடித்தாள். அம்மாவின் தம்பி. திருமுல்லைவாயிலில் மாவு மில் வைத்திருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை குளித்து, சென்ட் அடித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தாலும் புருவத்தில் மாவு இருக்கும்.

அவள் சொன்னதைக் கேட்டு மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எங்கக்காவுக்கு இன்னா கீது? ஏன்டி, நீ என்கிட்ட காலைலயே சொல்லல?"

"எனக்கே காலைலதான் மாமா தெரியும். என்கிட்ட பதினெட்டாயிரம் இருக்கு. இப்பவே அனுப்புறேன். அதுக்குள்ள எடுத்துக் குடு மாமா."

"அனுப்பு, அனுப்பு. மாமன் இருக்கச் சொல்ல நீ இன்னாத்துக்கு அழுவுற? ஏலம்னா மேக்ஸ்வெல்லு, மேக்ஸ்வெல்லுன்னா ஏலம். போன வருசம் பலாப்பழத்துக்கு எத்தினி பேரு மோதனாங்க, எடுத்தேனா இல்லியா?"

எடுத்தார். எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "ஆண்டவருக்கே திருப்பித் தரேன்" என்று சொல்லி மறு ஏலத்துக்கும் விட்டார். கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. அந்தச் சர்ச்சில் அதுதான் பெரிய மனுஷத்தனம். ஏலத்தில் எடுப்பவன் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனால் வாங்கினவன். திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவன்.

"மாமா, இது பலாப்பழம் இல்ல" என்றாள் ரெனிதா.

"தெரியும் போடி."

போனில் பணம் போனது. மாமா திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு முன்வரிசை நாற்காலியில் போய்க் காலை அகட்டி உட்கார்ந்தார்.

ஏலம் விடுகிறவர் ஜேம்ஸ் ஐயா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைக் கையில் பிடித்தால் எந்த ரயில் எந்த நடைமேடையில் என்று சொல்லப்போகிறார்போல் இருக்கும். முதலில் எலுமிச்சம்பழம். ஒரே ஒரு பழம். ஒருவர் ஐந்நூறுக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தார், இன்னொருவர் ஆயிரத்துக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தார், கடைசியில் ஒரு புது மாப்பிள்ளை மாமனார் பார்வையில் ஆயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"என்னைத் தூக்கி மேசை மேல வெச்சிருந்தாக்கூட அந்த எலுமிச்சம்பழத்து விலை வந்திருக்காது" என்றார் ஞானசேகரன், மகள் சிரிக்க வேண்டும் என்று. அவள் சிரிக்கவில்லை. வாசல் கேட்டின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ரோஹித் உள்ளே வந்தான். கையெடுத்து அம்மாவுக்குக் கும்பிடு போட்டான். அம்மா பெருமையாகத் தலையாட்டி இடம் காட்டினாள்.

சேவல் போனது. தேன் பாட்டில் போனது. வாழைத்தார் இரண்டு தடவை போனது. ரெனிதா நாற்காலியை விட்டு எழுந்து தண்ணீர் டிரம் பக்கம் போனாள், குடிக்காமல் திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள்.

"அடுத்ததா" என்று ஜேம்ஸ் ஐயா குரலை இறக்கினார், "சகோதரி அருள்செல்வி குடும்பத்தார் பொருத்தனைக் காணிக்கை. கிட்டார்! தம்பி ஜெர்வின், வாசிச்சுக் காட்டுப்பா. சத்தம் கேக்காம எப்படி விலை கேக்கறது?"

ஜெர்வின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். மாலையைக் கழற்றாமலே வாங்கி மடியில் வைத்தான். "இது இன்னா ஐயா, வயலினுக்கும் கிட்டாருக்கும் பொறந்த புள்ளயா?" என்றான். கூட்டம் சிரித்தது. விரல் வைத்து இழுத்தான்.

கேட்டவர்கள் எல்லோரும் முகம் சுளித்தார்கள். புளித்த சத்தம். கழுத்தின் மேல்பக்கம் போகப் போக இன்னும் புளித்தது. ரெனிதாவுக்கு உடனே புரிந்தது. தந்திகளைத் தாங்கும் சின்ன மரத்துண்டுக்குப் பிரிட்ஜ் என்று பெயர். இந்த வகைக் கிட்டாரில் அதை ஒட்டியிருக்க மாட்டார்கள். தந்தி அழுத்துகிற அழுத்தத்தில்தான் அது நிற்கும். அம்மா எண்ணெய் போட்டு அழுத்தித் துடைத்ததில் ஒரு விரல் அளவு நகர்ந்துவிட்டது. ஓடிப்போய்க் கையால் தள்ளினால் சரியாகிவிடும்.

"ஐயா, இது கெட்டுப்போச்சு போல" என்றான் ஜெர்வின். "உள்ளாற பூச்சி கீச்சி அரிச்சிருக்கும்."

அம்மாவின் முகம் சிறுத்துப்போனது. ரெனிதா எழுந்தாள். ஒரு அடி வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். கெட்டுப்போனது என்று எல்லோரும் நினைத்தால் விலை ஏறாது. தன்னுடைய பொருளைப் பத்துப்பேர் பார்த்துச் சிரிக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது சுலபமாக இல்லை. நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு நின்றாள். பந்தலின் அந்தப் பக்கம் ரோஹித்தின் உதட்டில் மெல்லிய சிரிப்பு. பிரிட்ஜ் நகர்ந்திருப்பது அவனுக்கும் தெரியும்.

"ரெண்டாயிரம்" என்றார் மேக்ஸ்வெல் மாமா.

"மூணு" என்றான் ரோஹித்.

விளையாட்டுக்கு ஜெர்வினும் ஒரு தடவை கேட்டான், அவனுடைய அம்மா முதுகில் ஒன்று வைத்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு இரண்டு பேர்தான். எட்டு, ஒன்பது, பதினொன்று. ரோஹித் நிதானமாக ஒவ்வொரு ஆயிரமாக ஏற்றினான். மாமா ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தார். பதினெட்டு தாண்டியது. மாமா திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இருபத்தொண்ணு" என்றான் ரோஹித்.

"இருபத்திரண்டு! போட்டுக்கோ ஜேம்ஸண்ணே!"

ரோஹித் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான், மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தான். தலையை இல்லையென்று ஆட்டினான்.

"இருபத்திரண்டாயிரம், ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்! சகோதரர் மேக்ஸ்வெல்!"

பந்தல் அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். ரெனிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாமா மேடைக்கு ஏறினார். கிட்டாரை வாங்கினார். கழுத்தைப் பிடித்து, செவ்வந்தி மாலையோடு, தலைக்கு மேல் தூக்கினார். கைதட்டல் இன்னும் ஏறிற்று. அந்த முகத்தை ரெனிதா போன வருஷமும் பார்த்திருக்கிறாள். மாமா, வேண்டாம் என்று அவள் கத்தினாளா, மனதுக்குள் நினைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கு எதுக்கு ஐயா இதெல்லாம்?" என்று மாமா மைக்கில் முழங்கினார். "குடுத்தது அவரு! அவருக்கே திருப்பித் தரேன்! மறு ஏலம் உடு!"

அல்லேலூயா என்று கூட்டம் ஒரே குரலில் எழுந்தது. போதகரே எழுந்து கைதட்டினார்.

தூக்கிய கையை இறக்கும்போதுதான் மாமாவின் கண் ரெனிதாவின் மேல் பட்டது. வாய் திறந்தபடியே நின்றது. "ஐயய்யோ" என்று அவர் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. சந்தோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள்.

மேடையை விட்டு இறங்கி நேரே அவளிடம் வந்தார். "ரெனி. கண்ணு. வாயில வந்துச்சுடி. பழக்கதோஷம்."

"எடு மாமா. மறுபடியும் எடு."

"எத வெச்சு எடுக்கறது? ஒன் பதினெட்டு, என் நாலு, அத்தினியும் ஜேம்ஸண்ணனுக்கு அனுப்பிட்டேன். குடுத்தவனே திரும்பக் கேட்டா ஜனங்க இன்னா சொல்லும்?" அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "அடச்சே. ஒன் காசுல நான் புண்ணியம் கட்டிக்கினேனே."

மேடையில் ஜேம்ஸ் ஐயா ஆரம்பித்துவிட்டார். மறு ஏலம் எப்போதும் ஆறிப்போன காபிதான். ஆளுக்கு ஆள் பிரியாணிப் பந்தியைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கெட்டுப்போன கிட்டாருக்கு மறுபடியும் யார் கேட்பார்கள்?

"நாலாயிரம்" என்றான் ரோஹித், அவசரமே இல்லாமல்.

"நாலாயிரம். வேற யாரு? கர்த்தருடைய காரியம்யா, கைய மூடிக்காதீங்க. நாலாயிரம், ஒருதரம்..."

"அஞ்சு" என்றார் பின்னால் ஒரு பெரியவர், பரிதாபத்துக்கு.

"ஆறு" என்றான் ரோஹித்.

"ஆறாயிரம். ஒருதரம். ரெண்டுதரம்..."

"இருபத்திரண்டு."

யார் சொன்னது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஜேம்ஸ் ஐயா ஆண்கள் பக்கம் பார்த்தார். ரெனிதா கையைத் தூக்கியிருந்தாள். பாடகர் குழுவிலிருந்தே, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஒரு மாதத்தில் நின்றுவிட்ட பெண். வேதபாடம் வாசிக்கச் சொன்னால் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்கிறவள்.

"எத்தனம்மா?"

"இருபத்திரண்டாயிரம்."

ஞானசேகரன் சட்டென்று நெஞ்சில் கை வைத்தார். பக்கத்தில் இருந்த நாலு பேர் பதறிப்போய் நாற்காலியோடு திரும்பினார்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, கண்ணாடி தேடுறேன்" என்றார் அவர். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"அடியேய்" என்று மேக்ஸ்வெல் மாமா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "ஆறுலேந்து நேரா இருபத்திரண்டா? ஏழு கேளுடி, எட்டு கேளு! பேரம்னா இன்னான்னே தெரியாதா ஒனக்கு?"

அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ரோஹித் எங்கே நின்றான் என்று அவள் பார்த்திருந்தாள். இருபத்தொன்றைத் தாண்டினால் அவனுக்கு லாபம் இல்லை. அங்கே போய் நின்றுகொண்டால் அவன் வர மாட்டான். நடுவில் ஒவ்வொரு படியாக ஏறும் தைரியம் அவளிடம் இல்லை. ஒரே மூச்சுக்குத்தான் இருந்தது.

ஜேம்ஸ் ஐயா மைக்கை இறக்கினார். "பாப்பா, குடுத்த வூட்டுக்காரங்க கேக்கறது வழக்கமில்லியேம்மா."

"குடுத்தது எங்கம்மா ஐயா. நான் குடுக்கல. நான் கேக்குறேன்."

பிரியாணி அண்டாவில் கரண்டி தட்டுவது மட்டும் கேட்டது. அம்மா குனிந்து கோலத்தின் வண்ணப்பொடி ஒட்டிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பணம்?"

"மாசா மாசம் கட்டுறேன். அடுத்த பண்டிகைக்குள்ள."

அப்படிச் சொல்லி எடுக்கிறவர்களும் உண்டு. ஜேம்ஸ் ஐயா போதகரைப் பார்த்தார். போதகர் வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எல்லோரும் ரோஹித்தைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான்.

"ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம்." ஜேம்ஸ் ஐயாவுக்கும் பழக்கதோஷம். "தங்கச்சி, எடுத்துக்கிறியா, திருப்பிக் குடுக்குறியா?"

"எடுத்துக்கிறேன்."

ஒருவரும் கைதட்டவில்லை. ரெனிதா மேடைக்குப் போனாள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். மேசைக்கடியில் கிடந்த பெட்டிக்குள் கிட்டாரை வைத்துக் கொக்கியை மாட்டினாள். நாற்காலிகளுக்கு நடுவில் நடந்தபோது ஆட்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். பெட்டி ஒரு பாட்டியம்மாவின் தோளில் இடித்தது. அவள் நிற்காமல் நடந்தாள்.

கேட்டருகே ரோஹித் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். "ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான். "ரெண்டாவது தடவ நான் எட்டுக்கு மேல போயிருக்க மாட்டேன். வூட்டுக்குக் கூப்ட்டு டீ குடுத்தவங்க பொண்ணு அங்க நின்னு அழுவுது. எத்தினிக்கு மேல கேப்பேன்?"

"நெஜமாவா?"

"வியாபாரிய நெஜமாவான்னு கேக்குறியே." சிரித்தான். "விக்கற எண்ணம் வந்தா போன் பண்ணு. பிரிட்ஜ மொதல்ல நேரா தள்ளி வை."

பைக் போய்விட்டது. எட்டாயிரமா, இருபத்தொன்றா என்று இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை. எட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் இருக்கிற பதினாலாயிரத்துக்கு எத்தனை பெட்டி பேக்கிங் செய்ய வேண்டும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்ததும் அதை அங்கேயே நிறுத்தினாள்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். கோபம் இல்லை. பயந்தவள்போல் இருந்தாள்.

"அத வூட்டுக்குக் கொண்டாராத ரெனி."

"அம்மா!"

"திட்டல நானு. குடுத்த பொருளு திரும்பி அதே பீரோ மேல வந்து ஒக்காந்தா, நான் எப்புடி தூங்குவேன்? ராத்திரி அவரு இருமுனா நான் அதத்தான் அண்ணாந்து பாப்பேன்."

"ரெண்டு தடவ ஏலம் போயிடுச்சு. ஆண்டவருக்குச் சேர வேண்டியது டபுளா சேந்துச்சு. இன்னும் இன்னாம்மா?"

"அது எனக்குத் தெரியாதுடி. பயமா கீது. அவ்ளோதான்."

ரெனிதா பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். சண்டை போட ஏராளமாக இருந்தது. ஆனால் அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராண்டாவிலும் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மேக்ஸ்வெல் மாமா பந்திக்குக்கூடப் போகாமல் தன் குட்டியானை லோடு வண்டியைக் கேட் வரை கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறு. மில்லுல வெச்சுக்கலாம். மேல பரண் காலியா கீது. எப்ப வோணும்னாலும் வா, வாசி, ஒருத்தனும் ஒன்னும் கேக்க மாட்டான்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பாமல், "பாதிப் பணம் நான் கட்றேன். வாய வெச்சிகினு சும்மா இருக்காததுக்கு" என்றார்.

"மாவு படியும் மாமா. மில்லு சத்தத்துல எப்புடி வாசிக்கறது?"

"சாயந்திரம் ஆறு மணிக்கு மேல மோட்டார் ஓடாதுடி. இன்னிக்கி ஞாயித்துக்கெழம, மூடிதான் கீது. ஏறு மொதல்ல."

அப்பாவை ஜேம்ஸ் ஐயா பந்தியில் உட்காரவைத்திருந்தார். அம்மா வண்டியில் ஏறுவாள் என்று ரெனிதா எதிர்பார்க்கவில்லை. ஏறினாள். திருமுல்லைவாயில் வரை மூவரும் முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு போனார்கள், பெட்டி ரெனிதாவின் முழங்கால்களுக்கு நடுவில். மாமா அடிக்கடி "பலாப்பழமாட்டம் தூக்கிட்டேனே" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.

மில்லில் பெல்ட்டுகள் தொங்கிப்போய் நின்றன. மிளகாய் நெடியும் வறுத்த கேழ்வரகின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. ரெனிதா மூட்டைமேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து கிட்டாரை வெளியே எடுத்தாள். தாவணி முனையால் எண்ணெயைத் துடைத்தாள். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, பிரிட்ஜைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளினாள். ஒரு தந்தியைத் தட்டிக் கேட்டாள். கழுத்தின் நடுவில் அழுத்தி மறுபடியும் தட்டினாள். இன்னும் கொஞ்சம். அதிகமாகப் போய்விட்டது. திரும்பக் கொண்டுவந்தாள்.

அம்மா உள்ளே வரவில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே படிக்கட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இல்லம்மா. சுருதி சேரல."

"அப்பாவுக்கு மாத்திர குடுக்கணும்."

"நீ வேணா போம்மா. மாமா கொண்டுவிடுவாரு."

அம்மா எழுந்திருக்கவில்லை. உள்ளே ரெனிதா ஐந்து தந்திகளைச் சேர்த்துவிட்டாள். ஆறாவது மட்டும் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. மேலே இழுத்தால் கூடிப்போயிற்று, விட்டால் குறைந்துபோயிற்று. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரிட்ஜின் ஒரு முனையை மறுபடியும் அழுத்தினாள்.

"இப்ப?" என்றாள் அம்மா வெளியிலிருந்து.

"இரும்மா" என்றாள் ரெனிதா.